12 கிராம் உயிருக்கு 120 ஆண்டு மரம்: காற்றில் சறுக்கும் சிறு விலங்குகள் கூடு அமைப்பதும் காப்பதும் எப்படி?

வரதய்யபாளையம்: மூன்று அல்லது நான்கு ஒரு ரூபாய் நாணயங்களின் எடையே கொண்ட ஒரு பாலூட்டி, இரவில் மரம் விட்டு மரம் காற்றில் சறுக்கிச் செல்கிறது. பகலில் இலைகளால் ஆன ஒரு சிறு உருண்டைக்குள் சுருண்டு உறங்குகிறது. அந்த இலை உருண்டையை அதுவே அமைத்துக்கொள்ளும். ஆனால், உருண்டையை வைத்துக் காப்பதற்கான மரப்பொந்தை அதனால் உருவாக்க இயலாது. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களில் அத்தகைய பொந்து உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படுகிறது.

இந்தக் கணக்கு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுக் காடுகளில் வாழும் பறக்கும் அணில்களும் இதே கணக்கில்தான் வாழ்கின்றன. முதிர்ந்த மரம் ஒன்று வெட்டப்படும்போது எந்தெந்த உயிர்களின் வீடு பறிபோகிறது என்பதை அறிய, இச்சிறு விலங்குகளின் கூடுகளைப் பற்றித் தெரிந்துகொள்வது உதவும்.

அணில் போல் இருப்பதெல்லாம் அணில் அல்ல

சென்னையில் இருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால், தடாவுக்கு மேற்கே வரதய்யபாளையம் உள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 ஏப்ரல் மாதம் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தடா அருவி என்று தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அழைக்கும் உப்பலமடுகு அருவி இங்குள்ள மலைக்காட்டில்தான் இருக்கிறது. இம்மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மேற்கே, 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் மலைகள் விரிந்துள்ளன.

இந்தியாவின் எந்தக் காட்டிலும் மார்சுபியல் எனப்படும் பைம்மா விலங்குகள் இன்று இல்லை. குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் அந்த இனங்கள் ஆஸ்திரேலியா, நியூ கினி தீவு, அவற்றை ஒட்டிய சில தீவுகள், அமெரிக்கக் கண்டங்கள் ஆகியவற்றில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. ஆயினும், அவற்றைப் புரிந்துகொள்வதற்கான ஒரு திறவுகோல் இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே கிடைக்கிறது.

மூங்கில் அணத்தான் என்ற சிறு விலங்கே அது. கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிவியல் உலகுக்கு அது அறிமுகமானது. அதன் அறிவியல் பெயரின் முற்பகுதியான 'அனத்தானா' என்பது இத்தமிழ்ப் பெயரில் இருந்தே பெறப்பட்டது. பார்ப்பதற்கு அணிலைப் போலவே இருந்தாலும் அது அணில் இனத்தைச் சேர்ந்ததன்று. மர மூஞ்சூறு என்னும் வேறொரு குலத்தைச் சேர்ந்தது.

வேறு வேறு குலத்தில் பிறந்த உயிர்கள், ஒரே வகையான வாழ்க்கையை மேற்கொள்வதால் ஒரே வகையான உடலமைப்பைப் பெறுவதைக் குவி பரிணாமம் என்று அறிவியலாளர்கள் அழைக்கின்றனர். ஆசியக் காடுகளின் பறக்கும் அணிலும் ஆஸ்திரேலியக் காடுகளின் சறுக்கும் பைம்மாவும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். முன்னது கொறித்துண்ணி, பின்னது கங்காருவின் உறவு. இரண்டுக்கும் உடலின் இருபுறமும் விரியும் தோல்சவ்வு உண்டு. இரண்டும் இரவில் நடமாடுபவை. இரண்டும் உண்மையில் பறப்பதில்லை. உயரமான இடத்தில் இருந்து குதித்து, சவ்வை விரித்துக் காற்றில் சறுக்குகின்றன. இரண்டும் பகல் பொழுதைக் கழிப்பதற்கு மரப்பொந்தையே பெரிதும் நம்பியுள்ளன.

நாணயத்தில் இடம்பெற்ற மிகச் சிறிய சறுக்கு விலங்கு

சறுக்கிச் செல்லும் பாலூட்டிகளில் உலகிலேயே மிகச் சிறியது 'ஃபெதர்டெயில் கிளைடர்' எனப்படும் இறகுவால் சறுக்கி. இதன் எடை 10 முதல் 14 கிராம் வரை. தலையும் உடலும் சேர்ந்து 6.5 முதல் 8 சென்டிமீட்டர் நீளம். வாலின் இரு ஓரங்களிலும் விறைப்பான முடிகள் வரிசையாக நிற்பதால் அது பறவை இறகைப் போலத் தோன்றுகிறது. சறுக்கும்போது திசை மாற்றவும் நிற்கவும் இந்த வால் உதவுகிறது. ஒரே பாய்ச்சலில் 20 மீட்டருக்கும் மேல் இதனால் செல்ல முடியும்.

கிழக்கு ஆஸ்திரேலியாவின் காடுகளில் வாழும் இவ்விலங்கு மலர்த்தேன், மகரந்தம், சிறு பூச்சிகள் ஆகியவற்றை உண்கிறது. விரல் நுனிகளில் உள்ள பட்டையான மெத்தைகளின் உதவியால் வழவழப்பான கண்ணாடியில்கூட ஏறும் திறன் கொண்டது. ஆஸ்திரேலிய அரசு 1966-ல் வெளியிட்ட ஒரு சென்ட் நாணயத்தில் இதன் உருவம் பொறிக்கப்பட்டது. நாட்டின் மிகச் சிறிய நாணயத்துக்கு மிகச் சிறிய சறுக்கு விலங்கு அடையாளமானது. அந்த நாணயம் 1992-ல் புழக்கத்தில் இருந்து விலக்கப்பட்டது.

இதன் கூடு ஏறக்குறைய உருண்டை வடிவமானது. யூகலிப்டஸ் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் நாராகக் கிழித்த மரப்பட்டைகளைச் சேர்த்தும் இதை அமைக்கிறது. மரப்பொந்தே இதன் முதல் தேர்வு. பொந்து கிடைக்காத இடங்களில் பறவைகள் கைவிட்ட கூடுகள், பிற பைம்மாக்களின் பழைய கூடுகள், தொலைபேசி இணைப்புப் பெட்டிகள் ஆகியவற்றில்கூடக் குடியேறுகிறது.

கூட்டின் தேவையை உடலின் அளவே தீர்மானிக்கிறது. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகரிக்கிறது. அந்தப் பரப்பின் வழியே உடல் வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. யானைக்குக் கவலை தராத ஒரு குளிர் இரவு, 12 கிராம் உயிருக்கு உயிர்ப் போராட்டம். எனவே இறகுவால் சறுக்கிகள் ஒரே கூட்டில் பலவாகச் சேர்ந்து, ஒன்றையொன்று அணைத்தபடி உறங்குகின்றன. இலை அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று, போர்வையைப் போல வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது.

குளிர் மிகுந்து உணவும் குறையும் நாள்களில் இவை தற்காலிக அரிதுயிலில் ஆழ்கின்றன. இதயத் துடிப்பும் மூச்சும் குறைந்து, உடல் வெப்பம் சுற்றுப்புற வெப்பத்தின் அளவுக்கு அருகே இறங்கிவிடும். சில நேரங்களில் இந்நிலை பல நாள்கள் நீடிக்கும். அப்போது எதிரி வந்தால் ஓடித் தப்பவும் முடியாது. அந்த நாள்களில் அவ்விலங்குக்கு உள்ள ஒரே காவல் கூடு மட்டுமே.

வாலில் சுமந்து வரும் இலைக் கட்டு

இறகுவால் சறுக்கியைவிடச் சுமார் பத்து மடங்கு எடையுள்ளது 'சுகர் கிளைடர்'. இனிப்பான மரச்சாறு, பிசின், மலர்த்தேன் ஆகியவற்றை விரும்பி உண்பதால் இப்பெயர் பெற்றது. நீண்ட காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட ஆஸ்திரேலியச் சுகர் கிளைடர்கள் உண்மையில் மூன்று தனித்தனி இனங்கள் என 2020-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. முன்னங்காலின் ஐந்தாம் விரலில் இருந்து பின்னங்கால் வரை விரியும் சவ்வின் உதவியால் இவை ஏறத்தாழ 50 மீட்டர் வரை சறுக்குகின்றன.

கூட்டுக்கான பொருள்களைச் சேர்ப்பதில் இவற்றின் முறை வியப்புக்குரியது. பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கால்களால் இலைகளைப் பறிக்கின்றன. பறித்த இலைகளைப் பின்னங்கால்களுக்கு மாற்றி, அங்கிருந்து வாலுக்குக் கொண்டு செல்கின்றன. வாலைச் சுருட்டி இலைகளைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு பொந்துக்குத் திரும்புகின்றன. நம் வீட்டு முற்றத்தில் தேங்காய் நாரை வாயில் கவ்விக்கொண்டு ஓடும் அணிலைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது. அங்கே வாய் செய்யும் வேலையை இங்கே வால் செய்கிறது.

குட்டி வளர்ப்பிலும் கூட்டின் பங்கு பெரிது. கருவுற்ற பதினாறு நாள்களிலேயே, ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடையுடன் குட்டி பிறந்து தாயின் பைக்குள் ஏறிக்கொள்கிறது. சுமார் 70 நாள்களுக்குப் பின் பையில் அடங்காத அளவுக்கு அது வளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு பல வாரங்கள் குட்டியைக் கூட்டிலேயே விட்டுவிட்டுத் தாய் இரை தேடச் செல்கிறது. பாலூட்டிகளில் பெரும்பாலும் காணப்படாத வகையில், தந்தையும் கூட்டில் தங்கிக் குட்டிகளைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. தாயின் பை முதல் தொட்டில் என்றால், இலை மெத்தை இட்ட பொந்து இரண்டாவது தொட்டில் ஆகும்.

கூட்டைக் காக்கும் வழிகள்

ஆந்தை, மலைப்பாம்பு, மரமேறும் உடும்பு வகைகள், குவால் எனப்படும் ஊனுண்ணிப் பைம்மா, மனிதர் கொண்டுவந்து காட்டில் பெருகிய பூனை ஆகியவை இச்சிறு விலங்குகளின் எதிரிகள். இவற்றை எதிர்த்துப் போரிடும் வலிமை சறுக்கிகளுக்கு இல்லை. எனவே அவற்றின் தற்காப்பு, இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது.

முதலாவது, வாசலின் அளவு. தன் உடல் மட்டும் நுழையக்கூடிய குறுகிய துளை உள்ள பொந்தையே இவை நாடுகின்றன. பெரிய எதிரியின் தலையோ கையோ உள்ளே வர இடமில்லாதபோது, மரமே கதவாகிவிடுகிறது.

இரண்டாவது, பல வீடுகள். சுகர் கிளைடர் கூட்டம் ஒரே பொந்தில் ஆண்டு முழுவதும் தங்குவதில்லை. தன் எல்லைக்குள் உள்ள பல பொந்துகளுக்கு மாறி மாறிச் செல்கிறது. ஒரே இடத்தில் தங்கினால் வாடை சேர்ந்து எதிரிக்குத் தடயம் ஆகும், உண்ணிகளும் பெருகும். இடம் மாறுவது இரண்டையும் குறைக்க உதவும் என்று கருதப்படுகிறது.

மூன்றாவது, குடும்ப மணம். கூட்டத்தின் தலைமை ஆணுக்கு நெற்றியிலும் மார்பிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. கூட்டத்தின் உறுப்பினர்கள் மீது அவற்றைத் தேய்த்து, அனைவருக்கும் பொதுவான ஒரு மணத்தை அது ஏற்றுகிறது. இருண்ட பொந்துக்குள் கண்ணால் அறிய முடியாத இடத்தில், மணமே அடையாள அட்டை. அந்த மணம் இல்லாத அந்நிய சறுக்கி உள்ளே நுழைந்தால் தாக்கி விரட்டப்படும்.

நான்காவது, எச்சரிக்கைக் குரல். ஆபத்தை உணர்ந்தால் நாய்க்குட்டி குரைப்பது போன்ற கூர்மையான ஒலியைச் சுகர் கிளைடர்கள் எழுப்புகின்றன.

இந்த நான்கில் முதல் இரண்டும் ஒரே நிபந்தனையைச் சார்ந்தவை. தேர்ந்தெடுப்பதற்குக் காட்டில் போதுமான பொந்துகள் இருக்க வேண்டும். பொந்துகள் அருகிய காட்டில், பெரிய வாசல் உள்ள பாதுகாப்பற்ற பொந்தே கிடைத்தாலும் அதில் தங்கியாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொந்து என்ற கணக்கும் பொருந்தாது. 'கிரேட்டர் கிளைடர்' எனப்படும் பெரிய சறுக்கி ஒன்றே தன் எல்லைக்குள் பல பொந்துகளைப் பயன்படுத்துகிறது.

பொந்தை உருவாக்குவது யார்?

ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திகள் இல்லை. இந்தியக் காடுகளில் மரங்கொத்தியும் குக்குறுவானும் மரத்தைக் குடைந்து வீடு அமைக்கின்றன. அவை விட்டுச் செல்லும் துளைகளில் மைனா, கிளி, சிறு ஆந்தை எனப் பல உயிர்கள் குடியேறுகின்றன. அத்தகைய தச்சர்கள் இல்லாத ஆஸ்திரேலியாவில், காற்று, தீ, பூஞ்சை, கறையான் ஆகிய நான்கும் சேர்ந்தே பொந்தை உருவாக்குகின்றன.

புயலில் ஒரு கிளை முறிகிறது. அல்லது தீ அடிமரத்தைச் சுடுகிறது. அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து, உள்மரத்தை மெல்ல மெல்ல மக்கச் செய்கிறது. கறையான்கள் அதைத் தின்று வெறுமையாக்குகின்றன. ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் டிட்ஜெரிடூ என்னும் நீண்ட ஊதுகுழலும் இவ்வாறு கறையான் குடைந்த யூகலிப்டஸ் மரத்தில் இருந்தே செய்யப்படுகிறது.

மரத்தின் உட்பகுதியான வயிர மரம் உயிரற்ற திசு. நீரையும் உணவையும் கடத்துவது வெளிப்பகுதியே. ஆகவே உள்ளே வெறுமையான மரம், வெளியே தழைத்துப் பூத்துக் காய்த்துப் பல பத்தாண்டுகள் வாழும். பொந்து விழுந்த மரம் செத்த மரம் என்று எண்ணுவது தவறு.

இம்முறையில் ஒரு சிறு பாலூட்டி தங்கக்கூடிய பொந்து உருவாகப் பல யூகலிப்டஸ் இனங்களில் குறைந்தது 120 ஆண்டுகள் ஆகும் என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிலிப் கிப்பன்ஸ், டேவிட் லிண்டன்மேயர் ஆகியோரின் பணிகள் காட்டுகின்றன. அந்நாட்டில் சுமார் 300 முதுகெலும்பு விலங்கினங்கள் மரப்பொந்துகளைப் பயன்படுத்துகின்றன.

இதே யூகலிப்டஸ், தைலமரம் என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவலாக நடப்படுகிறது. காகிதக் கூழுக்காக வளர்க்கப்படும் அம்மரங்கள் சில ஆண்டுகளிலேயே வெட்டப்பட்டுவிடுகின்றன. தாய்நாட்டில் நூற்றாண்டு கடந்து வீடாகும் மரம், இங்கே ஒரு கிளை முறிந்து காயம் ஆறுவதற்குள் லாரி ஏறுகிறது. மரங்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டால் தோப்பும் காடும் ஒன்றாகவே தோன்றும். பொந்துகளை எண்ணினால் வேறுபாடு விளங்கும்.

மூத்த மரங்கள் குறைந்தால் நேர்வது என்ன?

டாஸ்மேனியா தீவில் நிகழ்வது இதற்குக் கடுமையான சான்று. அங்கே இயற்கையாக வாழாத சுகர் கிளைடர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பெருநிலப்பரப்பில் இருந்து கொண்டு செல்லப்பட்டவை என்று கருதப்படுகிறது. அத்தீவின் மரப்பொந்துகளில் முட்டையிடும் 'ஸ்விஃப்ட்' கிளிகளுக்கு அவை எமனாகிவிட்டன.

இக்கிளிகளும் எதிரியிடம் இருந்து தப்பக் குறுகிய வாசல் உள்ள பொந்தையே தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் சுகர் கிளைடரின் உடல் அந்த வாசலுக்கும் சிறியது. இரவில் நுழையும் சறுக்கி முட்டைகளையும் குஞ்சுகளையும் மட்டுமன்றி, அடைகாக்கும் தாய்ப்பறவையையும் கொன்று தின்கிறது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படுத்தியது. சறுக்கிகள் இல்லாத புரூனி, மரியா தீவுகளில் கிளிக் கூடுகள் இந்தத் தாக்குதலில் இருந்து தப்புகின்றன. முதிர்ந்த காடு மிகுந்த இடங்களில் தாக்குதல் குறைவாக இருப்பதையும் அதே ஆய்வு கண்டறிந்தது.

ஒரு நாட்டில் பாதுகாக்கப்பட வேண்டிய விலங்கு, மனிதர் கொண்டு சேர்த்த மற்றோர் இடத்தில் அழிவின் காரணமாகிவிடுகிறது. மூத்த மரங்கள் குறைவது அந்த அழிவை விரைவுபடுத்துகிறது.

ஆஸ்திரேலியப் பெருநிலப்பரப்பிலோ சறுக்கிகளே பாதிப்புக்குள்ளாகின்றன. 2019-20 காட்டுத்தீயில் ஏறத்தாழ 300 கோடி முதுகெலும்பு விலங்குகள் இறந்தன அல்லது வாழிடம் இழந்தன என மதிப்பிடப்பட்டது. 2022 ஜூலையில் பெரிய சறுக்கியின் நிலை, பாதிக்கப்படக்கூடியது என்பதில் இருந்து அழியும் நிலை என்ற பிரிவுக்கு மாற்றப்பட்டது. தீ, வெப்ப உயர்வு, மரம் வெட்டுதல் ஆகியவை இதற்கான காரணங்களில் அடங்கும்.

நம் காடுகளின் பறக்கும் அணில்கள்

இந்தியத் தீபகற்பத்தின் காடுகளிலும் இலங்கையிலும் வாழும் பெரும் பறக்கும் அணில், சுகர் கிளைடரைவிட உருவில் மிகப் பெரியது. மூக்கில் இருந்து வால் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். மற்றொன்று திருவிதாங்கூர் பறக்கும் அணில். அழிந்துவிட்டதாகவே நீண்ட காலம் கருதப்பட்ட இச்சிறு அணில், 1989-ல் கேரளத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் ஆனைமலைப் பகுதியிலும் இது வாழ்கிறது.

பகலில் நடமாடும் மலை அணிலோடு ஒப்பிட்டால், பொந்தின் அருமை விளங்கும். சேஷாசலத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படும் மலை அணில், குச்சிகளையும் இலைகளையும் கொண்டு பெரிய உருண்டைக் கூட்டை மர உச்சியின் மெல்லிய கிளைகளில் கட்டுகிறது. கனமான எதிரி அந்தக் கிளையில் ஏறினால் கிளை தாங்காது. ஒன்று சிதைந்தால் வேறொன்று இருக்கட்டும் எனப் பல கூடுகளைக் கட்டி வைக்கிறது. கூட்டைத் தானே கட்டும் திறன் அதற்கு உண்டு. பறக்கும் அணிலோ இயற்கைப் பொந்தையே பெரிதும் நம்பியுள்ளது. மரங்கொத்தி குடையும் சிறு துளை பெரும் பறக்கும் அணிலின் உடலுக்குப் போதாது. பெருங்கிளை முறிந்து உருவான அகன்ற பொந்தே வேண்டும்.

வறண்ட காடுகளிலும் இது பொருந்தும். ராஜஸ்தானின் சீதாமாதா சரணாலயத்தில் வாழும் பறக்கும் அணில்கள், நம் இலுப்பையின் இனமான மஹுவா மரங்களின் பொந்துகளில் தங்குகின்றன. ஆனைமலையின் துண்டுபட்ட மழைக்காடுகளில் மரவாழ் பாலூட்டிகளை ஆராய்ந்து ஜி. உமாபதி, அஜித் குமார் ஆகியோர் 2000-ல் வெளியிட்ட ஆய்வும், எஞ்சியுள்ள காட்டுத் துண்டின் பரப்போடு அதிலுள்ள மரங்களின் தன்மையும் முக்கியம் எனக் காட்டியது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு சோலையில், இரண்டு முதுமரங்கள் சாய்ந்தால்கூட அங்குள்ள பறக்கும் அணிலுக்கு வீடில்லாமல் போகலாம்.

பத்துக் கன்றுகள் ஒரு முதுமரத்துக்கு ஈடாகுமா?

சாலை விரிவாக்கம், தொழிற்சாலை, குடியிருப்பு எனப் பல தேவைகளுக்காக மரம் வெட்டப்படும்போது, ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படுவது வழக்கம். நிழலுக்கும் காற்றுக்கும் அது ஓரளவு ஈடாகலாம். வீட்டுக்கு ஈடாகாது. இன்று நடும் பத்துக் கன்றுகளிலும், நம் பேரக்குழந்தைகளின் காலம் வரை, பறக்கும் அணில் ஒன்று தங்கும் அளவுக்குப் பொந்து உருவாகப் போவதில்லை. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவ்விலங்கு எங்கே தங்கும் என்ற கேள்விக்கு நிபந்தனையில் விடை இல்லை.

பட்ட மரத்தின் மதிப்பை இந்தியச் சட்டம் அறியாமல் இல்லை. தேசியப் பூங்காக்களில் இருந்தும் சரணாலயங்களில் இருந்தும் பட்ட, நோயுற்ற, காற்றில் சாய்ந்த மரங்களை அகற்றுவதற்கு உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரி 14-ல் தடை விதித்தது. ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, ஏரிக்கரையிலும் கோயில் நிலத்திலும் தோட்டங்களிலும் நிற்கும் பொந்து மரங்கள், பயனற்றவை எனக் கருதப்பட்டு விறகாவது தொடர்கிறது.

செயற்கைக் கூட்டுப் பெட்டிகள் ஓரளவு உதவுகின்றன. ஆஸ்திரேலியாவில் சறுக்கிகளுக்காக வாசல் அளவு குறைக்கப்பட்ட மரப்பெட்டிகள் பொருத்தப்படுகின்றன. காட்டைப் பிளந்து செல்லும் ஹியூம் நெடுஞ்சாலையின் ஓரத்தில், அவை ஏறிச் சறுக்கிச் சாலையைக் கடப்பதற்காக உயரமான மரக்கம்பங்கள் நடப்பட்டுள்ளன. டாஸ்மேனியாவில் கிளிகளைக் காக்க, இருள் சூழ்ந்ததும் தானே மூடிக்கொள்ளும் கதவுள்ள பெட்டிகளை ஆய்வாளர்கள் சோதித்தனர்.

எனினும், மெல்லிய பலகையால் ஆன பெட்டி வெயிலில் விரைவில் சூடாகி, இரவில் விரைவில் குளிர்ந்துவிடும். பருத்த மரச்சுவர் தரும் சீரான வெப்பநிலையைப் பெட்டியால் தர இயலாது. தென்னிந்தியக் கோடையில் இக்குறை மேலும் பெரிதாகும். பெட்டிகள் சில ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்பதால் தொடர் பராமரிப்பும் தேவை.

கூண்டு கூடாகாது

சுகர் கிளைடரை வீட்டில் வளர்க்கும் ஆசை இந்திய நகரங்களிலும் பரவி வருகிறது. கையடக்கமான உருவமும் பெரிய கண்களும் சமூக ஊடகக் காணொளிகளில் பலரைக் கவர்கின்றன. ஆனால், பொது மணத்தால் பிணைந்த கூட்டத்தோடு வாழ்வதும், இரவெல்லாம் மரம் விட்டு மரம் சறுக்குவதும், பல பொந்துகளுக்கு மாறி மாறிச் செல்வதும் அவ்விலங்கின் இயல்பு. தனியே ஒரு கூண்டில் வளர்க்கப்படும்போது இவற்றில் ஒன்றும் அதற்குக் கிடைப்பதில்லை. தப்பிச் செல்லும் அயல் விலங்கு உள்ளூர்ப் பறவைகளுக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு டாஸ்மேனியக் கிளிகளே சாட்சி.

நாம் செய்யக்கூடியது

இச்சிறு விலங்குகளுக்காகப் பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்திலோ ஏரிக்கரையிலோ நிற்கும் பொந்து மரத்தை, ஆளுக்கோ வீட்டுக்கோ ஆபத்து இல்லாதபோது அப்படியே விட்டுவைக்கலாம். ஆபத்தான கிளையை மட்டும் நீக்கி அடிமரத்தைக் காக்கலாம். வெட்டியே தீர வேண்டிய நிலையில், அதற்கு முன் பொந்தில் உயிர்கள் உள்ளனவா என வனத்துறையினர் மூலம் பார்க்கச் செய்யலாம். மரக்கணக்கெடுப்பு நடக்கும்போது, எத்தனை மரங்கள் என்பதோடு எத்தனை பொந்து மரங்கள் என்பதையும் குறிக்குமாறு உள்ளாட்சி அமைப்புகளிடம் கேட்கலாம்.

புதிய கன்றுகளை நடுவதும் தொடர வேண்டும். இன்று நடும் இலுப்பையும் ஆலும் அடுத்த நூற்றாண்டின் வீடுகள். அந்த வீடுகள் உருவாகும் வரை, இப்போது நிற்கும் முதுமரங்களே அவற்றை நம்பிய உயிர்களுக்குப் புகலிடம். இலையைச் சுமந்து வந்து மெத்தை இடுவதற்குச் சறுக்கிக்கும் அணிலுக்கும் தெரியும். மெத்தையை இடுவதற்குரிய மரத்தை விட்டுவைப்பது மட்டுமே நம் பொறுப்பில் உள்ளது.